கால் தளர்வதும் கை மரப்பதும்: ஆக்சிஜன் குறைவு பற்றி வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: விமானத்தில் லடாக்கின் லே நகருக்குப் போய் இறங்கிய முதல் நாள், விடுதியில் இரண்டு மாடி ஏறுவதற்குள் தொடை கனத்துவிட்டது. ஆனால் பெட்டியைத் தூக்குவதில் ஒரு சிரமமும் இல்லை. பலம் அப்படியே இருக்க, சோர்வு மட்டும் எப்படி வந்தது? (கோவை வாசகர்)

பதில்: நீங்கள் கவனித்தது மிகச் சரி. ஆக்சிஜன் குறைந்தால் முதலில் அடிபடுவது தசையின் தாங்குசக்தி. ஒரே மூச்சில் காட்டும் பலம் பெரும்பாலும் தப்பித்துவிடும்.

லே நகரம் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கேயும் காற்றில் ஆக்சிஜனின் பங்கு சென்னையைப் போலவே 20.9 சதவீதம்தான். குறைவது காற்றின் அழுத்தம். கடல் மட்டத்தில் 760 மி.மீ. பாதரசம் இருக்கும் அழுத்தம் லேயில் சுமார் 500-க்கு இறங்கிவிடுகிறது. மூச்சுக்குழாய்க்குள் நுழையும் காற்றில் நீராவி 47 மி.மீ. இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதைக் கழித்துப் பார்த்தால், சென்னையில் உள்ளிழுக்கும் காற்றின் ஆக்சிஜன் அழுத்தம் சுமார் 150 மி.மீ.; லேயில் சுமார் 95. விமானத்தில் வந்து இறங்கியவரின் விரலில் ஆக்சிமீட்டர் மாட்டினால் 85-இலிருந்து 90-க்குள் காட்டுவது சாதாரணம்.

உடல் முழுவதையும் பயன்படுத்தும் வேலைக்கு, நிமிடத்துக்கு அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனை எடுத்துப் பயன்படுத்த முடியும் என்பதுதான் கூரை. 1,500 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் இந்தக் கூரை ஏறத்தாழ 10 சதவீதம் இறங்குகிறது. லேயில் 20 சதவீதம் போய்விட்டது என்று வையுங்கள். கோவையில் உங்கள் உச்சத் திறனில் 60 சதவீதத்தில் ஏறிய அதே படிக்கட்டு, அங்கே 75 சதவீத வேலையாகிவிடும். படியின் உயரமோ உங்கள் எடையோ மாறவில்லை. கூரைதான் தலைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

பெட்டி தூக்குவது வேறு கணக்கு. சில வினாடிகள் நீடிக்கும் முயற்சிக்குத் தேவையான ஆற்றல் தசைக்குள் ஏற்கெனவே இருக்கும் ஏ.டி.பி. (செல் நேரடியாகச் செலவழிக்கும் ஆற்றல் மூலக்கூறு), அதை நொடியில் மீண்டும் நிரப்பும் கிரியேட்டின் பாஸ்பேட் ஆகியவற்றிலிருந்தே வந்துவிடும். மேலும், தசையை இறுக்கிப் பிடிக்கும்போது உள்ளே எழும் அழுத்தமே அதன் இரத்தக் குழாய்களை நெரித்துவிடுகிறது. அந்த நேரத்தில் வெளியே காற்று சென்னைக் காற்றா, லடாக் காற்றா என்பது தசைக்குப் பெரிய விஷயமில்லை.

இதற்கு விளையாட்டு உலகில் நல்ல சாட்சி 1968 மெக்சிகோ சிட்டி ஒலிம்பிக். அந்நகரம் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில், கிட்டத்தட்ட நம் ஊட்டி உயரத்தில் இருக்கிறது. அங்கே பாப் பீமன் 8.90 மீட்டர் நீளம் தாண்டினார். ஜிம் ஹைன்ஸ் 100 மீட்டரை 9.95 வினாடியில் ஓடினார். அடர்த்தி குறைந்த காற்று அவர்களுக்குக் கைகொடுத்தது. அதே ஊரில் 10,000 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்ற நஃப்தாலி தெமுவின் நேரம் 29 நிமிடம் 27.4 வினாடி, அன்றைய உலக சாதனையைவிட ஏறக்குறைய இரண்டு நிமிடம் மெதுவு. நெடுந்தூர ஓட்டத்தில் சாதனைமேல் சாதனை படைத்திருந்த ஆஸ்திரேலியர் ரான் கிளார்க் அந்த ஓட்டத்தின் முடிவில் மயங்கி விழுந்தார்.

அடுத்த முறை போனால் முதல் 24–48 மணி நேரம் விடுதியை விட்டு நகராமல் இருங்கள். பிறகு, நடுவில் மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற வேகத்தில் மட்டும் நடங்கள். நிற்கும் நேரத்தையும் கூட்டுங்கள்: கரைந்த கிரியேட்டின் பாஸ்பேட் மீண்டும் நிரம்ப ஆக்சிஜன் வேண்டும். சமவெளியில் பாதி நிரம்ப அரை நிமிடம் போதும்; மேலே அது இழுத்துக்கொண்டே போகும். இந்திய ராணுவம் 2,700–3,600 மீட்டர் உயரத்தில் 6 நாள், 4,500 மீட்டர் வரை இன்னும் 4 நாள், அதற்கு மேல் இன்னொரு 4 நாள் என்று வீரர்களைப் படிப்படியாகப் பழக்குகிறது. திடமான இளைஞர்களுக்கே அவ்வளவு நாள் தேவைப்படுகிறது. வந்த மறுநாளே சுமார் 5,350 மீட்டர் உயரமுள்ள கர்துங் லா கணவாய்க்கு வண்டி ஏற்றும் பயணத் திட்டங்களைப் பார்த்தால் எங்களுக்குக் கவலையாக இருக்கிறது.

கேள்வி: ஆக்சிஜன் போதாவிட்டால் லாக்டிக் அமிலம் சேர்ந்து தசை சோர்ந்துவிடும் என்று ஜிம்மில் சொல்கிறார்கள். சரிதானா? (சேலம் வாசகர்)

பதில்: பாதிகூடச் சரியில்லை. மெக்ஆர்டில் நோய் என்று ஒரு பரம்பரைக் கோளாறு உண்டு; 1951-இல் விவரிக்கப்பட்டது. இந்நோயாளிகளின் தசையால், அதில் சேமித்து வைத்த சர்க்கரையான கிளைகோஜனை உடைக்க முடியாது. எனவே உழைக்கும்போது லாக்டேட் (லாக்டிக் அமிலம் உடலில் இருக்கும் வடிவம்) கூடுவதே இல்லை. சோர்வுக்கு அமிலம்தான் காரணம் என்றால் இவர்கள் சோர்வே அறியாதவர்களாக இருக்க வேண்டும். நடப்பது நேர்மாறு: நம்மைவிட வெகு சீக்கிரம் தளர்ந்துவிடுகிறார்கள்.

முக்கியக் குற்றவாளி பாஸ்பேட். கிரியேட்டின் பாஸ்பேட் உடையும்போது கனிமப் பாஸ்பேட் தசை இழைக்குள் குவிகிறது. அது இரண்டு இடத்தில் கை வைக்கும். ஒன்று, தசையைச் சுருக்கும் புரதங்களில் ஆக்டின் இழையை மயோசின் பற்றி இழுக்கும் பிடியைத் தளர்த்துகிறது. இரண்டாவது, கால்சியத்தைச் சேமித்து வைக்கும் பைகளுக்குள் புகுந்து, கால்சியத்தோடு சேர்ந்து வீழ்படிவாகிவிடுகிறது. நரம்பு கட்டளை அனுப்பினாலும் அந்தப் பைகளிலிருந்து வெளிவரும் கால்சியம் குறைவு, சுருக்கமும் குறைவு. ஆக்சிஜன் குறைந்த நிலையில் இந்தக் குவிப்பு வேகமாக நடக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அமிலத்தன்மைக்குப் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டோம். பாஸ்பேட்டோடு சேரும்போது அதன் பாதிப்பும் கூடுகிறது. ஆனால் அமிலத்தைத் தலைமைக் குற்றவாளியாக்கிய பழைய சோதனைகளில் பல, குளிர்ந்த தசை இழைகளில் செய்யப்பட்டவை. உடல் வெப்பத்தை நெருங்கச் செய்தபோது பாதிப்பு வெகுவாகக் குறைந்தது. லாக்டேட், இதயமும் மற்ற தசைகளும் எடுத்து எரிக்கும் எரிபொருள். உழைப்பு முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் அது பழைய அளவுக்கு வந்துவிடும். மறுநாள் வரும் தசை வலியை அதன் தலையில் போடுவது அநியாயம்.

கேள்வி: சோர்வு தசையில் இருக்கிறதா, மூளையில் இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? (திருச்சி, உடற்கல்வி ஆசிரியர்)

பதில்: தொடையின் முன்பக்கத் தசைக்குப் போகும் ஃபெமோரல் நரம்பை, இடுப்பு மடிப்பில் ஒரு காந்தச் சுருளை வைத்துத் தூண்டுவார்கள். கால் எவ்வளவு விசையுடன் உதைக்கிறது என்பதை அளப்பார்கள். இந்த உதைப்பில் மனம், ஊக்கம், மூளை எதற்கும் பங்கில்லை. உழைப்புக்கு முன்பும் பின்பும் அளந்து பார்த்து விசை குறைந்திருந்தால் குறை தசையில். இன்னொரு முறை: அவர் தம்மால் முடிந்த மட்டும் அழுத்திக்கொண்டிருக்கும்போதே நரம்பைத் தூண்டுவது. கூடுதல் விசை எட்டிப் பார்த்தால், மூளை முழுக் கட்டளை அனுப்பவில்லை என்று பொருள்.

சைக்கிள் ஓட்டுபவர்களிடம் இப்படி அளந்ததில் ஒரு நுட்பமான விஷயம் தெரியவந்தது. ஆக்சிஜன் மிதமாகக் குறைந்தபோது, தசை நன்றாகச் சோர்ந்த பிறகுதான் ஓட்டத்தை நிறுத்தினார்கள். இரத்தத்தின் ஆக்சிஜன் செறிவு 70 சதவீதத்துக்குக் கீழே போகும் அளவுக்குக் குறைத்தபோது, தசையில் அவ்வளவு சோர்வு சேரும் முன்பே நிறுத்திவிட்டார்கள். அந்தக் கணத்தில் ஆக்சிஜன் கொடுத்தால் உடனே தொடர்ந்து ஓட்ட முடிந்தது. தசை அத்தனை சீக்கிரம் மீளாது. ஆகவே தடை போட்டது மூளை. மிதமான உயரத்தில் கால் சொல்வதைக் கேளுங்கள். மிக உயரத்தில் மூளையே தடுமாறிக்கொண்டிருக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

கேள்வி: கல்யாணப் பந்தியில் சம்மணமிட்டு உட்கார்ந்தால் கால் மரத்துவிடுகிறது. உட்கார்ந்திருக்கும்போது ஒன்றும் தெரிவதில்லை. எழுந்த பிறகுதான் ஊசி குத்துவதுபோல் சுருசுருவென்று வருகிறது. இரத்தம் திரும்பிய பிறகு ஏன் தொல்லை அதிகம்? (மதுரை வாசகர்)

பதில்: சிறிய கேள்விபோல் தெரிந்தாலும், நரம்பின் உள் வேலையைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வாசல் இல்லை.

ஓய்வில் இருக்கும் நரம்பு இழையின் உள்பக்கம், வெளிப்பக்கத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் எதிர்மின்னழுத்தத்தில் இருக்கும். இதைக் கட்டிக்காப்பது சோடியம்-பொட்டாசியம் பம்பு. ஒரு சுற்றுக்கு 3 சோடியத்தை வெளியே தள்ளி, 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும், அதற்கு ஏ.டி.பி. செலவாகும். ஏ.டி.பி. தொடர்ந்து கிடைக்க ஆக்சிஜன் வேண்டும். சம்மணத்தில் நரம்பும் அதற்கு இரத்தம் கொடுக்கும் நுண்குழாய்களும் ஒருசேர அழுந்துகின்றன. பம்பு தளர்கிறது. 70 மெல்ல 65, 60 என்று சரிகிறது.

முதலில் நடப்பது பலருக்கு வியப்பாக இருக்கும்: நரம்பு மந்தமாவதில்லை, எளிதில் தூண்டப்படுவதாக மாறுகிறது. துடிப்பு கிளம்ப வேண்டிய எல்லைக்கு அது நெருங்கி வந்துவிட்டதால் சிறு தூண்டலே போதும். ஆரம்பத்தில் லேசான விறுவிறுப்பு வருவது இதனால்தான். மேலும் சரிந்தால் சோடியம் கால்வாய்கள் மூடிய நிலையிலேயே பூட்டிக்கொள்ளும். அப்போது துடிப்பு கிளம்பவே முடியாது. அதுதான் மரத்துப்போதல். ஆக, ஆக்சிஜன் இழந்த நரம்பு முதலில் பதறும், பிறகு அடங்கும்.

எழுந்தவுடன் இரத்தம் பாய்கிறது. பம்பு உயிர் பெறுகிறது. உள்ளே சோடியம் குவிந்து கிடப்பதால் வழக்கத்தைவிட வேகமாக ஓடுகிறது. 3-க்கு 2 என்ற கணக்கினால் உள்பக்கம் வழக்கத்தைவிட அதிக எதிர்மின்னழுத்தத்துக்கு இழுக்கப்படுகிறது. இதற்கிடையே இழையைச் சுற்றி வெளியே தேங்கிய பொட்டாசியம் இன்னும் வடியவில்லை. இந்த இழுபறியில் சவ்வின் மின்னழுத்தம் நிலைகொள்ளாமல் ஊசலாடி, இழை தானாகவே துடிப்புகளைச் சரமாரியாகக் கிளப்புகிறது. துடிப்பு பிறப்பது முழங்கால் பக்கத்தில். மூளைக்கோ அந்தக் கம்பி எங்கிருந்து வருகிறதோ அந்த இடம்தான் தெரியும்; எனவே பாதத்தில் ஊசி குத்துகிறது என்கிறது.

1931-இல் தாமஸ் லூயிஸும் கூட்டாளிகளும் மேல்கையில் இரத்த அழுத்தப் பட்டையை இறுக்கி இதை நிதானமாகப் பதிவுசெய்தார்கள். கால் மணி நேரத்தை நெருங்கும்போது விரல்நுனியில் தொடுவுணர்வு மங்கத் தொடங்கும். மங்கல் மெல்ல மேலே ஏறும். தொடுவுணர்வைக் கொண்டுபோகும் தடித்த இழைகள் முதலில் அடங்கும். வலியைக் கொண்டுபோகும் மெல்லிய இழைகள் வெகுநேரம் விழித்திருக்கும். தொடுவது தெரியாத விரலில் குண்டூசி குத்தினால் வலிக்கும். வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். பட்டைக்கு அடியில் நரம்பு நசுங்கிச் சேதமாகலாம்.

பந்தியில் செய்ய வேண்டியது இதுதான். இலை எடுத்தவுடன் சடாரென்று எழாதீர்கள். காலை நீட்டி, கணுக்காலை மேலும் கீழும் ஆட்டுங்கள். கட்டைவிரலை மேல்நோக்கித் தூக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு நில்லுங்கள். தூக்க முடியாத நிலையில் அடி எடுத்து வைத்தால் பாதம் மடங்கிக் கணுக்கால் சுளுக்கும். சில நிமிடங்களில் எல்லாம் சரியாகிவிட வேண்டும். மணிக்கணக்கில் பாதம் தொங்கியே இருந்தால், முழங்காலுக்கு வெளிப்பக்கம் எலும்பை ஒட்டி ஓடும் நரம்பு அழுந்தியிருக்கலாம். நரம்பு மருத்துவரைப் பாருங்கள். உட்கார்ந்த தோரணைக்குச் சம்பந்தமே இல்லாமல் திடீரென ஒரு பக்கக் கை, கால், முகம் மரத்தால் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள். அது பக்கவாதமாக இருக்கலாம்.

கேள்வி: எனக்குச் சர்க்கரை நோய் 12 வருடமாக இருக்கிறது. நரம்புக் கடத்தல் சோதனை ‘நார்மல்’ என்றது. சம்மணமிட்டால் முன்புபோல் கால் மரப்பதும் இல்லை. நரம்பு நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா? (ஈரோடு வாசகர்)

பதில்: வேண்டாம், ஐயா. சர்க்கரை நோயாளிகளின் நரம்பு இரத்தத் தடையை மற்றவர்களைவிட அதிக நேரம் தாங்கும் என்பது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த விஷயம். அது பலத்தின் அடையாளம் அல்ல, நரம்பின் வேதியியல் மாறிவிட்டதன் அடையாளம்.

வழக்கமான கடத்தல் சோதனையில் எல்லா இழைகளும் துடிக்கும் அளவுக்குப் பலமாக மின்னோட்டம் கொடுத்து, துடிப்பின் வேகத்தையும் பதில் அலையின் உயரத்தையும் அளக்கிறார்கள். வேகம் என்பது மிக வேகமான தடித்த இழைகளின் வேகம். மெல்லிய இழைகள் கெட்டிருந்தாலும் ‘நார்மல்’ வரும். லண்டனில் ஹியூ பாஸ்டாக் வளர்த்தெடுத்த முறை வேறு மாதிரி. மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் போகும் மீடியன் நரம்பைத் தூண்டி, கட்டைவிரல் தசையின் பதிலை உச்சத்தில் சுமார் 40 சதவீதத்தில் நிலையாக வைத்துக்கொண்டு, அதற்கு எவ்வளவு மின்னோட்டம் தேவைப்படுகிறது என்று கணினி தொடர்ந்து பின்தொடரும். ஒரு துடிப்புக்குப் பின் 2 மில்லிவினாடியில் கூடுதல் மின்னோட்டம் தேவைப்படும். 5 முதல் 7 மில்லிவினாடியில் வழக்கத்தைவிடக் குறைவே போதும். ஆக்சிஜன் தடைபட்ட நரம்பில் முதல் கட்டம் நீளும், இரண்டாவது கட்டத்தின் சலுகை சுருங்கும். இரண்டும் சேர்ந்து வந்தால் சவ்வின் மின்னழுத்தம் சரிகிறது என்று ஊகிக்கலாம். தோல் குளிர்ந்திருந்தால் எல்லாக் கணக்கும் பிசகும். 32 டிகிரிக்குக் குறையாமல் கையைச் சூடாக வைத்திருக்க வேண்டும்.

இது பெரும்பாலும் ஆய்வுக்கூடங்களில்தான் இருக்கிறது. உங்களுக்கு வேண்டியது எளிமையானது: ஆண்டுக்கு ஒருமுறை பாதத்தில் 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழையால் தொட்டுப் பார்க்கும் சோதனையும் அதிர்வுக்கவைச் சோதனையும் செய்துகொள்ளுங்கள். தினமும் இரவில் உள்ளங்காலைப் பாருங்கள்.

கேள்வி: கபாலபாதி செய்தால் விரல்நுனியும் உதடும் சுருசுருக்கின்றன. ஆக்சிஜன் குறைகிறதா? லடாக் போனபோது டைமாக்ஸ் மாத்திரைக்கும் இதே போல வந்தது. (தஞ்சாவூர் வாசகி)

பதில்: இரண்டிலும் ஆக்சிஜன் குற்றவாளி இல்லை. வேகமாக மூச்சு விட்டால் வெளியேறுவது கார்பன் டை ஆக்சைடு. இரத்தம் காரத்தன்மை பக்கம் சாய்கிறது. கால்சியம் கூடுதலாக இரத்தப் புரதமான ஆல்புமினோடு ஒட்டிக்கொள்கிறது. நரம்பைச் சுற்றித் தனித்து நிற்கும் கால்சியம் குறைகிறது. கால்சியம் குறைந்தால் சோடியம் கால்வாய்கள் லேசாகத் தட்டினாலே திறந்துகொள்ளும். கை விறைத்து விரல்கள் குவிந்துகொள்வதும் இதன் தொடர்ச்சியே. நிறுத்தி, சாதாரணமாக மூச்சு விடுங்கள்; சில நிமிடங்களில் அடங்கும். காகிதப் பையில் மூச்சு விடும் பழைய வைத்தியம் வேண்டாம். உண்மையான காரணம் ஆஸ்துமாவோ இதயமோ என்றால் ஆபத்து.

டைமாக்ஸ், அதாவது அசிட்டசோலமைடு, உயர நோயைத் தடுக்கப் பொதுவாக 125 மி.கி. காலை, இரவு என்று, ஏறுவதற்கு முதல் நாளே தொடங்கித் தரப்படுகிறது. சுருசுருப்பு அதன் பழகிய பக்கவிளைவு. சோடா குடித்தால் சப்பென்று இருப்பதும் அப்படித்தான். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் எடுக்கக் கூடாது.

மலையில் பிரித்தறிய: இரண்டு கையும் உதடும் ஒருசேரச் சுருசுருத்தால் மாத்திரை அல்லது வேக மூச்சு. விரல் வெளுத்து உணர்வற்றுப் போனால் குளிர். உடனே கதகதப்பாக்குங்கள், தேய்க்காதீர்கள். குதிகாலை முன்விரலோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லும்போது தள்ளாடினாலோ, பேச்சு குழம்பினாலோ, மூளை வீங்குகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரலில் நீர். கடைசி இரண்டிலும் விடியும்வரை காத்திருக்காமல் ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டே கீழே இறக்குங்கள்.

கேள்வி: தொடையில் பட்டை கட்டி, குறைந்த எடையில் பயிற்சி செய்தால் தசை வளரும் என்கிறார்கள். ரப்பர் குழாயைக் கட்டிச் செய்யலாமா? (சென்னை வாசகர்)

பதில்: பயிற்சி உண்மை, ரப்பர் குழாய் கூடவே கூடாது. ஜப்பானில் யோஷியாக்கி சாட்டோ வளர்த்த முறை இது. இரத்த ஓட்டம் குறையும்போது மெதுவிழைகள் சீக்கிரம் சோர்ந்து, வழக்கமாகப் பெரிய எடைக்கு மட்டுமே எழும் வேக இழைகள் குறைந்த எடையிலேயே வேலைக்கு வருகின்றன.

காற்றடைக்கும் அகலமான பட்டை வேண்டும். காலின் ஓட்டம் முற்றிலும் நிற்கும் அழுத்தத்தை, இரத்த ஓட்டத்தை ஒலியலையால் அறியும் டாப்ளர் கருவியால் கண்டுபிடித்து, அதில் 40 முதல் 80 சதவீதம் மட்டும் வைக்க வேண்டும். எடை, ஒரே ஒரு முறை தூக்க முடிகிற உச்சத்தில் 20–30 சதவீதம். முதல் சுற்று 30 முறை, பிறகு 15, 15, 15. நடுவே 30 முதல் 60 வினாடி ஓய்வு. ஒரு பயிற்சி முடிந்ததும் காற்றை இறக்கிவிட வேண்டும். குறுகிய குழாய் அழுத்தத்தை ஒரே கோட்டில் குவித்து நரம்பை நசுக்கும். எவ்வளவு இறுக்கம் என்று அளக்கவும் வழியில்லை. தசை எரிவது எதிர்பார்த்ததே. மரத்துப்போனால், கால் வெளுத்தால் உடனே அவிழ்த்துவிடுங்கள். இரத்தக் கட்டி வந்தவர்கள், கர்ப்பிணிகள், கட்டுக்கடங்காத இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இது ஆகாது. டயாலிசிஸ் இணைப்பு உள்ள கையில் கட்டவே கூடாது.

கேள்வி: மூக்கையும் வாயையும் மூடும் ‘உயரப் பயிற்சி முகமூடி’ போட்டு ஓடினால் மலையில் ஓடிய பலன் கிடைக்குமா? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: கிடைக்காது. அது மூச்சை இழுப்பதைக் கடினமாக்குகிறது. காற்றின் அழுத்தத்தைக் குறைப்பதில்லை. மூச்சுத் தசைக்கு ஓரளவு பயிற்சி, அவ்வளவே.

கேள்வி: அம்மாவுக்கு வயது 46. ஹீமோகுளோபின் 7.8. மாடி ஏறினால் கால் துவண்டுவிடுகிறது. பாதமும் மதமதவென்று இருக்கிறது. ஆனால் ஆக்சிமீட்டர் 98 காட்டுகிறது. (விருதுநகர் வாசகி)

பதில்: ஆக்சிமீட்டர் சொல்வது, இருக்கிற ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்பதை மட்டும். மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. ஒரு கிராம் ஹீமோகுளோபின் சுமார் 1.34 மி.லி. ஆக்சிஜனைச் சுமக்கும். 14 கிராம் இருந்தால் 100 மி.லி. இரத்தத்தில் 18 மி.லி.க்கு மேல், அம்மாவுக்கு 10 மி.லி.தான். லேயில் இறங்கியவரைவிடக் குறைவான ஆக்சிஜனோடு அவர் தினமும் மாடி ஏறிக்கொண்டிருக்கிறார். இரும்பு குறைந்தால் தசைக்குள் ஆற்றல் தயாரிக்கும் நொதிகளும் நலிகின்றன. அவர் சோர்வைச் சோம்பல் என்று யாரும் சொல்ல விடாதீர்கள்.

பாத மதமதப்பை இரத்தசோகையின் கணக்கில் எழுதிவிட வேண்டாம். வைட்டமின் பி12, சர்க்கரை, தைராய்டு மூன்றையும் பாருங்கள். அசைவம் சாப்பிடாதவர் என்றாலோ, சர்க்கரை நோய் மாத்திரையான மெட்ஃபார்மினை நீண்டநாள் எடுப்பவர் என்றாலோ பி12 குறைவுக்கு வாய்ப்பு அதிகம். அந்நிலையில் ஃபோலிக் அமிலம் மட்டும் கொடுத்தால் இரத்தம் தேறும், நரம்பு கெட்டுக்கொண்டே போகும். மாதவிடாய் அதிகமா, மலத்தில் இரத்தம் போகிறதா என்றும் மருத்துவர் பார்க்க வேண்டும்.

இரும்பு மாத்திரையை வெறும் வயிற்றில், எலுமிச்சைச் சாற்றோடு எடுக்கலாம். டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை ஆகியவற்றுக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். வயிறு ஒத்துக்கொள்ளாவிட்டால் ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்கலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். உடல் உறிஞ்சுவது அப்போதும் நன்றாகவே இருக்கும். மலம் கறுப்பது இயல்பு. நான்கு வாரம் கழித்து ஹீமோகுளோபினை மறுபடி பாருங்கள். அளவு சரியான பிறகும் சேமிப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதம் தொடர வேண்டும். நெஞ்சு வலி, படுத்தால் மூச்சுத்திணறல், கால் வீக்கம் எது வந்தாலும் மாத்திரைக்குக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.